கடைசி பெஞ்சுத் தரகன்

வா அம்மிணி, இப்படி உக்காரு. அந்த ஃபாரத்தை இக்கட்ட குடு பாக்கலாம். கண்ணாடி எங்கயோ போச்சு. பரவால்ல, டிக்குதானே, கண்ணாடி இல்லாமயே தெரியுது. அடேயப்பா! மேல இருந்து கீழ வரைக்கும் ஒண்ணு பாக்கி இல்லாம டிக்கு. ‘ஆசிரியர் கரும்பலகையை நன்கு பயன்படுத்தினார்’, டிக்கு. ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’, டிக்கு. ‘வகுப்பறை ஒழுங்கு நன்று’, அதுக்கு ஒண்ணுக்கு ரெண்டா டிக்கு. கயிறு புடிச்சு நட்ட நாத்தாட்டம் அத்தனை வரிசை. உன்ற காலேஜுல இதைப் பாத்தா மார்க்கை அள்ளிப் போடுவாங்க. நானும் போட்டுருவேன், ஒரே ஒரு சங்கடந்தான். அதே வகுப்புல, அதே கடைசி பெஞ்சுல, உனக்குப் பக்கத்துலதானே நானும் உக்காந்திருந்தேன்?

மொறைக்காத. அப்புச்சி குசும்பு புடிச்சவன்னு உனக்குத் தெரியாததா? நீ பி.எட். பயிற்சிக்கு வந்தே. என்னைய ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு உட்டாரு, பழைய அணாக் கணக்கு, படிக் கணக்கெல்லாம் ஆறாப்புப் புள்ளைங்களுக்கு வந்து நாலு வார்த்தை சொல்லுங்கய்யானு. அவரு சொன்னது பதினோரு மணிக்கு. நான் ஒம்பதரைக்கே போய் நின்னுட்டேன். ஊட்டுல இருந்தா உங்கம்முச்சி சின்ன வெங்காயம் உரிக்கச் சொல்லுவா. அதுக்குக் கணக்கு வகுப்பு தேவலாம்னு வந்தேன்.

நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன் நான். சித்திரையில கண்ணபுரம், ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, மத்த நாள்ல வாரச் சந்தை. முதமுதலா மாடு வாங்க வர்றவனை நூறடி தூரத்துலயே கண்டுபுடிச்சிருவோம். எப்படிங்கறே? அவன் மாட்டுக்காரன் வாயைப் பாத்துட்டு நிப்பான். ‘அசல் காங்கேயமுங்க, ஏருக்கும் ஆகுமுங்க, வண்டிக்கும் ஆகுமுங்க, பச்சப் புள்ளை புடிச்சாலும் கூடவே வருமுங்க’னு அவன் சொல்லச் சொல்ல இவன் தலையாட்டுவான். வெவரம் தெரிஞ்சவன் மாட்டுக்காரன் மூஞ்சியப் பாக்கவே மாட்டான். மாட்டு வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான். பால் பல்லு எத்தனை விழுந்திருக்குது, புதுப் பல்லு எத்தனை மொளச்சிருக்குது, எட்டும் சேந்துருச்சுன்னா தேய்மானம் எத்தச்சோடு. அப்பறம் சுழி. அப்பறம் நாலடி நடக்க உட்டுப் பாப்பான். மாட்டுக்காரன் பேச்சுக்குச் சந்தையில சுங்கம் கூடக் கெடையாது.

நீ என்ன பண்ணினே? நாப்பது நிமிசமும் டீச்சர் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தே.

டீச்சரைக் கொறை சொல்ல எனக்கு வாய் வராது, அதை மொதல்ல சொல்லிப்போடறேன். தங்கமான பொண்ணு. எழுத்து முத்து முத்தா இருக்குது. வகுப்புக்குள்ள வந்ததும் போன்ல வருகை ஏத்தோணும், டவர் கெடைக்காம சன்னலோரமா கையத் தூக்கிட்டு நின்னுச்சு பாத்தியா, அதுலயே நாலு நிமிசம் போச்சு. அந்த நாலு நிமிசத்தை உன்ற ஃபாரத்துல எந்தக் கட்டத்துல எழுதறது? கட்டமே இல்ல. மிச்ச நேரத்துலதான் அரையும் மூணுல ஒண்ணும் கூட்டறதை 38 புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கோணும். நீயும் நானும் பின்னால உக்காந்து மொறைச்சுப் பாக்கறது வேற.

ஆனாக் கேளு. காலையில உங்கம்முச்சி புளி தட்டிட்டு இருந்தா. கெளம்பறப்போ ஒரு கை கொட்டையை அள்ளி இடது ஜோப்புல போட்டுக்கிட்டேன். சந்தைப் பழக்கம், எதையாவது எண்ணிக்கிட்டே இருக்கோணும். டீச்சர் ‘புரிஞ்சுதா?’னு கேக்கறப்போ எல்லாம் ஒரு கொட்டையை இடது ஜோப்புல இருந்து வலது ஜோப்புக்கு மாத்தினேன். பெல் அடிச்சதும் எண்ணிப் பாத்தா 23. அந்த இருவத்தி மூணுக்கும் ஒரே பதில்தான் வந்துச்சு, ‘புரிஞ்சுது டீச்ச்ச்சர்’. ராகம் கூட மாறல. ஒருக்கா டீச்சர் கேட்டு முடிக்கறதுக்கு முந்தியே பதில் வந்துருச்சு. ஒருக்கா டீச்சர் ஒண்ணுமே கேக்கல, தண்ணி குடிக்க பாட்டலை எடுத்தாங்க, அப்பவும் ரெண்டு பேரு ‘புரிஞ்சுது டீச்சர்’னுட்டாங்க.

அம்மிணி, சந்தையில ‘மாடு நல்ல மாடுதானே?’னு மாட்டுக்காரங்கிட்டயே கேக்கறவன் ஒருத்தன் உண்டு. அவனுக்கு நாங்க ஒரு பேரு வெச்சிருந்தோம். அதை உங்கிட்டச் சொல்லக்கூடாது.

அப்பறம் அந்த வால் புடிக்கற வித்தை. அதைக் கவனிச்சியா? டீச்சர், ‘பகுதி வேற வேறயா இருந்தா நாம என்ன கண்டுபுடிக்கோணும்? மீ.சி...’னு இழுப்பாங்க. புள்ளைங்க பூராவும் சேந்து ‘மாஆஆ’ம்பாங்க. ‘தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால பெரு...’, ‘க்கோணும்ம்ம்’. தலையும் ஒடம்பும் டீச்சர் கையில, வாலு மட்டும் புள்ளைங்க கையில. இதைத்தான் நீ ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’னு எழுதியிருக்கறே. அந்த ‘மா’வைக் கத்தினதுல என்ற முன்னால உக்காந்திருந்தவன் ஒருத்தன் இருக்கறான். அவன் அப்ப என்ன பண்ணிட்டு இருந்தான் தெரியுமா? டெஸ்க்கு மேல காம்பஸ்ல பேரு செதுக்கிட்டு இருந்தான். கை டெஸ்க்குல, வாயி பாட்டுல. ரெண்டுக்கும் ஒரு பஞ்சாயத்தும் இல்ல.

கை தூக்கறதுல இருக்கற சூட்சுமத்தை எந்தக் காலேஜுலயும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க. அப்புச்சி சொல்றேன், எழுதிக்க. முழங்கை நேரா, விரலெல்லாம் ஆடற மாதிரி, பெஞ்சை உட்டுப் பாதி எந்திரிச்சுத் தூக்கறது பாரு, அதுக்குப் பதில் தெரியும். தோளுக்கு மேல போகாம அரைக்கை தூக்கறது, கூப்பிட்டாலும் சரி கூப்பிடாட்டியும் சரிங்கற கை. மூணாவது ஒண்ணு இருக்குது, அது பெரிய கில்லாடிக் கை. டீச்சர் வேற ஒருத்தி பேரைச் சொன்ன அடுத்த நொடி சர்ருனு மேல போகும். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனாத் தெரிஞ்சவன் கூட்டத்துல அவனும் ஒருத்தனா ஆயாச்சு. நாலாவது கையே தூக்காம, டீச்சர் கண்ணு இந்தப் பக்கம் வர்றப்போ மட்டும் குனிஞ்சு ரப்பரைத் தேடறது. அந்த ரப்பர் கீழ விழவே இல்ல, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். வாய்க் கணக்கு வந்ததும் ஒண்ணுக்குப் போறேன்னு விரல் தூக்கினவன் அஞ்சாவது. அவன் தண்ணித் தொட்டிக்கிட்ட நின்னு வகுப்பையே பாத்துட்டு இருந்தான், போர்டுல விடை விழுந்ததும் திரும்பி வந்துட்டான். அவனை என்ற தரகுத் தொழிலுக்கு எடுத்துக்கலாம்னு இருக்கறேன்.

எங்க காலத்துல ஒரு வாத்தியாரு இருந்தாரு, பேரு வேண்டாம், செத்துப் போயிட்டாரு. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு முந்தின நாளே ஒத்திகை. ‘நான் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கோணும். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை.’ இன்ஸ்பெக்டர் அசந்து போயிட்டாரு. பொண்ணு பாக்க வந்த ஊட்டுல கேசரி தின்னுட்டுப் பொண்ணுக்குச் சமைக்கத் தெரியும்னு முடிவு பண்றதும் அப்படித்தான். நீ இப்ப கேசரி தின்னுட்டு வந்திருக்கறே கண்ணு.

சரி, போன வாரம் பொழுதோட நீயே ஒரு பாடம் படிச்சுக் காட்டினியே, அமெரிக்காவுல மேரி பட் ரோனு ஒரு அம்மா, அறிவியல் வகுப்புல டேப்பு போட்டுப் போட்டுக் கேட்டாங்கன்னு. 1974ல எழுதினதுன்னு சொன்னே. வாத்தியாருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு நொடி கூடப் பொறுக்கறதில்லயாம். ஒரு நொடிக்குள்ள பதில் வரலைன்னா அவங்களே சொல்லிருவாங்க, இல்லாட்டி அடுத்தவனைக் கேப்பாங்க. அதையே மூணு நொடி பொறுத்தாப் புள்ளைங்க பதில் நீளமாகுது, ‘தெரியாது’ங்கறது கொறையுது, வாயே தொறக்காதவனும் தொறக்கறான். புள்ளை பதில் சொன்ன பொறவும் அதே மாதிரி சித்தே நேரம் சும்மா இருக்கோணுமாம். நீ படிச்சே, நான் கேட்டேன், வகுப்புல போய் விரலை மடக்கி எண்ணினவன் நான்தான்.

‘அரைக்கும் மூணுல ஒண்ணுக்கும் பொதுப் பகுதி எது?’ டீச்சர் கேட்டாங்க. நான் கட்டை விரலை மடக்கறதுக்குள்ள ‘ஆறு. ஆறுதானே?’னு அவங்களே சொல்லிட்டாங்க. ‘ஆறு டீச்ச்ச்சர்’.

இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகோணுமா? சந்தையில துண்டுக்கு அடியில கை குடுத்து வெலை பேசறதை நீ சின்னதுல பாத்திருக்கறே. விரலைப் புடிச்சு வெலை சொல்லிப்போட்டா அப்பறம் பேசப்படாது. அக்கட்ட இருக்கறவன் ரோசனை பண்ணுவான், வானத்தைப் பாப்பான், மாட்டைப் பாப்பான், எச்சில் துப்புவான். அந்த நேரத்துல வாயைத் தொறந்து ‘சரி, ஐநூறு கொறைச்சுக்குங்க’ன்னவன் கெட்டான். அந்தச் சும்மா இருக்கற நேரத்துலதான் யாவாரமே நடக்குது. ஆனாச் சந்தையில எனக்குத் தரகுக் காசு வரும், பொறுத்துக்குவேன். டீச்சருக்கு அந்த மூணு நொடி சும்மா இருந்தா, ‘பாடம் நடத்தாம நிக்கறாங்க’னு உன்னை மாதிரி ஒருத்தி பின்னால உக்காந்து எழுதிப்போடுவாளோன்னு பயம். அது நெசமான பயந்தான்.

நீ இருந்த எடத்தை உட்டு அசையல. நான் பத்து மணி வாக்குல, மூட்டு வலிக்குதுன்னு ஒரு சாக்குச் சொல்லிட்டு எந்திரிச்சு நடந்தேனல்ல, மூட்டு வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. நோட்டுப் பாக்கப் போனேன். ஜப்பான்ல ஒரு வாத்தியாரு பாடம் நடத்தறப்போ மத்த வாத்தியாருங்க சுத்தி நின்னு, புள்ளைங்க நோட்டுல என்ன எழுதுது, எங்க அடிக்குது, எங்க நிக்குதுன்னு குறிச்சுக்குவாங்கன்னு சொன்னியே, ஜுகியோ கென்க்யூன்னு என்னமோ வாயில நொழையாத பேரு. நடுவுல புகுந்து சொல்லிக் குடுக்கறதும் கெடையாதாம். பேருதான் நொழையல, வேலை எனக்கு நல்லா நொழைஞ்சுது.

மூணாவது பெஞ்சுல ஒரு புள்ளை, ரெட்டைச் சடை. பழைய பக்கத்துல 42ல 17 போனா 35னு போட்டு வெச்சிருந்துச்சு. எப்படின்னு பாத்தேன். ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சுப்போட்டுது. எது பெருசோ அதுல இருந்து எது சிறுசோ அதைக் கழிக்கறது. எனக்குச் சிரிப்பு வரல. அந்தப் புள்ளைக்கு ஒரு சட்டம் இருக்குது, அந்தச் சட்டத்தை ஒரு எடத்துலயும் மீறல. நம்ம பஞ்சாயத்துல அந்த அளவுக்கு நேர்மை கெடையாது.

இன்னொருத்தன் முழங்கையை வெச்சு நோட்டை மறைச்சுக்கிட்டான். மறைக்கற நோட்டுலதான் சரக்கு இருக்கும், இது தரகன் விதி. ‘என்னப்பா, தாத்தனுக்குக் காட்ட மாட்டியா?’ன்னேன். சித்தே ரோசனை பண்ணிட்டு எடுத்தான். அரையும் மூணுல ஒண்ணும் கூட்டினா அஞ்சுல ரெண்டு. மேலயும் மேலயும் கூட்டிட்டான், கீழயும் கீழயும் கூட்டிட்டான். டீச்சர் முந்தின நாளே செவப்பு மையில பெருக்கல் குறி போட்டிருந்தாங்க. அதுக்குக் கீழ மறுபடியும் அதையே எழுதி வெச்சிருக்கறான், பிடிவாதக்காரன்.

‘எப்படிடா சாமி இது வந்துச்சு?’ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். அப்பறம் வாயை மூடிக்கிட்டேன். மூணு நொடி இல்ல, முப்பது நொடி ஆயிருக்கும். பையன் மெதுவாச் சொன்னான். ‘தாத்தா, மொதல்ல ரெண்டு பால் போட்டாங்க, நான் ஒண்ணு அடிச்சேன். அப்பறம் மூணு பால் போட்டாங்க, அதுல ஒண்ணு அடிச்சேன். மொத்தம் அஞ்சு பால்ல ரெண்டு அடிச்சேன்ல?’

அம்மிணி, எனக்கு ஒரு நிமிசம் பேச்சு வரல. அவன் சொல்றதுல என்ன தப்பு? அஞ்சு பந்துல ரெண்டுதானே அடிச்சிருக்கறான்! சாயந்தரம் அந்த மைதானத்துல போய் ‘தப்பு, ஆறுல அஞ்சு அடிச்சே’ன்னு சொன்னா மட்டையாலயே அடிப்பான். அவன் பந்தை எண்ணறான், டீச்சர் தோசையைப் புட்டுக் காட்டறாங்க. ரெண்டும் வேற வேற கணக்கு, எழுதறது மட்டும் ஒரே மாதிரி. இந்தப் பையனைப் பாத்து ‘கவனிக்கறதே இல்ல’ன்னு டீச்சர் உங்கிட்டச் சொன்னாங்க, நீயும் எழுதிக்கிட்டே. அந்த வகுப்புல ரோசனை பண்ணினவன் அவன் ஒருத்தன்தான்னு நான் சொல்லுவேன். சரி, கொஞ்சம் கூடச் சொல்லிட்டேன். ரெட்டைச் சடையையும் சேத்துக்க.

அவனுக்கு என்ன சொல்றதுன்னு கேக்கறே. ‘தப்பு’ன்னு சொல்லாம இன்னொரு கேள்வி கேட்டேன். ‘உங்கம்மா அரைத் தோசை குடுத்தாங்க. அப்பறம் மூணுல ஒரு பங்கு இன்னொரு தோசையில இருந்து புட்டுப் போட்டாங்க. இப்ப அரைக்கு மேல இருக்குதா, கொறையா?’ ‘மேல.’ ‘அஞ்சுல ரெண்டுன்னா பாதிக்கு மேலயா, கீழயா?’ விரலை விரிச்சுப் பாத்தான். ஒரு கையில அஞ்சு விரலு, ரெண்டு மடக்கினா மூணு நிக்குது. மூஞ்சி மாறிப் போச்சு பாரு! கையில அரை இருந்துது, மேலும் போட்டாங்க, எண்ணிப் பாத்தா அரையை உடக் கொறஞ்சு போச்சு. இப்படி ஒரு யாவாரம் உண்டா? அதுக்கப்பறம் அவன் மீ.சி.ம.வைப் பத்தி டீச்சரைத் தானா ஒரு கேள்வி கேட்டான். டீச்சருக்கே ஆச்சரியம். உன்ற ஃபாரத்துல அது எங்கயும் இல்ல, அந்த நேரத்துல நீ ‘கற்பித்தல் உபகரணம்: விளக்கப்படம்’னு எழுதிட்டு இருந்தே.

தப்புப் போட்டவனையாவது கண்டுபுடிச்சிரலாம். சரி போட்டவனை என்ன பண்ணுவே? நீதானே அந்த பென்னி கதையைச் சொன்னே. 1973ல எர்ல்வாங்கர்னு ஒருத்தர் எழுதினாருன்னு. 12 வயசுப் பையன், ஆறாப்பு, தானாப் படிச்சுத் தானாப் பரீட்சை எழுதி மேல மேல போற மாதிரி ஒரு முறை. கணக்குல கெட்டிக்காரன்னு டீச்சரே பாராட்டின பையன். உக்காத்தி வெச்சுப் பேசிப் பாத்தா, பத்துல ரெண்டு பாகத்தைத் தசமத்துல எழுதுடான்னா 1.2ங்கறான்! பத்தையும் ரெண்டையும் கூட்டிப் பன்னெண்டாக்கி நடுவுல ஒரு புள்ளி வெச்சுட்டான். பதினொண்ணுல நாலும் 1.5தானாம், நாலுல பதினொண்ணும் 1.5தானாம். கணக்குங்கறது ஆரோ எழுதி வெச்ச விதிகளைத் தேடிப் புடிக்கற வெளையாட்டுன்னு அவன் நெனச்சுக்கிட்டான். விடைத்தாள்ல டிக்கு விழுந்துட்டே இருந்துது. டிக்கை நம்பினதுல வந்த வெனை. உன்ற டிக்கைச் சொல்லல அம்மிணி, பொதுவாச் சொல்றேன்.

பாக்கறதுன்னா எப்படிப் பாக்கறதுங்கறதுக்கு நம்மூருலயே ஒரு கதை உண்டு. ஆண்ட்ரூ பெல்லுன்னு ஒரு வெள்ளைக்காரப் பாதிரி. 1789ல மெட்ராசு எழும்பூர்ல அநாதைப் புள்ளைங்க விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பா வந்தாரு. நம்ம ஊருத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் படிக்கறதைப் பாத்தாரு. தெரிஞ்ச புள்ளை தெரியாத புள்ளைக்குச் சொல்லித் தர்ற சட்டாம்பிள்ளை ஏற்பாட்டைத் தன்ற விடுதியில வெச்சாரு. சீமைக்குத் திரும்பிப் போயி 1797ல அதைப் பொஸ்தகமாப் போட்டாரு, ‘மெட்ராசு முறை’ன்னு ஊரெல்லாம் பேரு. அவரு ஃபாரத்தைப் பாத்திருந்தா மணலைப் பாத்திருப்பாரா? ஒடனே திண்ணைப் பள்ளிக்கூடம் சொர்க்கம்னு நெனச்சுக்காத. எங்கப்பன் அங்க படிச்சவரு. எண்சுவடியைத் தலைகீழா ஒப்பிப்பாரு, முந்திரின்னா 320ல ஒண்ணு, காணின்னா 80ல ஒண்ணுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு. தப்பினாக் கோதண்டம், கையைக் கட்டி உத்தரத்துல தொங்க உடறது. ஊருல பாதிச் சனம் அந்தத் திண்ணைப் பக்கமே போக முடியாது. அதெல்லாம் திரும்பி வரவேண்டாம்.

பதினோரு மணிக்கு என்ற பாடம் வந்துச்சல்ல. மொதல்ல ஒரு கேள்வியில ஆரம்பிச்சேன். அதையும் உன்ற பொஸ்தகத்துல இருந்துதான் திருடினேன். ‘என்ற பட்டியில 26 செம்மறி, 10 வெள்ளாடு. எனக்கு என்ன வயசு?’

அம்மிணி, சிரிக்காதன்னு முன்னால நின்னு உனக்குக் கண்ணைக் காட்டினேனே, அப்ப எனக்கே அடக்க முடியல. ‘முப்பத்தி ஆறு தாத்தா!’ வகுப்பே கத்துச்சு. என்ற தலையில ஒரு கருத்த மசுரு கெடையாது. மேல்பல்லு மூணு இல்ல. முன்னால நிக்கற ஆளு முக்காக் கெழவன். ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கல, ஆட்டை மட்டும் கூட்டினாங்க. முன் பெஞ்சுல ஒரு கெட்டிக்காரன் எந்திரிச்சு, ‘கூட்டக்கூடாது தாத்தா, பெருக்கோணும், 260’ன்னான். அவனுக்குப் பக்கத்துல இருந்தவன் ‘பதினாறு, கழிச்சாப் பதினாறு’ன்னான். அப்பத்தான் சன்னலோரத்துல ஒரு புள்ளை மெல்லக் கேட்டுச்சு: ‘தாத்தா, ஆட்டுக்கும் உங்க வயசுக்கும் என்ன சம்பந்தம்?’ அந்தக் கை அதுவரைக்கும் ஒருக்காக் கூட மேல போகல. நீ அவளை ‘மந்தம்’னு எழுதியிருக்கறே. அடிச்சுப்போடு அதை. பேனா இந்தா.

நம்மூருப் புள்ளைங்க மட்டும் இல்ல, பிரான்சு தேசத்துல கிரெனோபிள் ஊருல 1980 வாக்குல இதே கேள்வியக் கேட்டாங்கன்னு நீதான் சொன்னே. கப்பல்ல 26 செம்மறி, 10 வெள்ளாடு, கப்பல் தலைவனுக்கு என்ன வயசுன்னு. 97 புள்ளைங்கள்ல 76 பேரு அந்த ரெண்டு எண்ணையும் வெச்சு ஒரு வயசு சொல்லிட்டாங்களாம். புள்ளைங்க முட்டாளா? ஆட்டைக் கண்ணால பாத்தா அந்தக் கூத்து நடக்காது. பள்ளிக்கூடத்துல கேள்வின்னு ஒண்ணு வந்தாப் பதில்னு ஒண்ணு இருந்தே ஆகோணும், குடுத்த எண்ணையெல்லாம் செலவழிச்சே ஆகோணும், ஏன்னு கேக்கக்கூடாது. இதை ஆரும் வாய் தொறந்து சொல்லித் தரல. தானாவே படிச்சுக்கிட்டாங்க. பாடத்தைவிட அதைத்தான் நல்லாப் படிச்சிருக்கறாங்க.

அதுக்கப்பறம் அணாக் கணக்கு. அங்கதான் நான் கெத்தா நின்னேன். ரூவாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. 1957ல நயா பைசா வந்து எல்லாத்தையும் நூறாக்கிப் போட்டாங்க. அதுக்கு முன்னால எங்களுக்குப் பொதுப் பகுதியும் தெரியாது, மீ.சி.ம.வும் தெரியாது, ஆனாக் கணக்கு தப்பாது. அரை ரூவான்னா எட்டணா. மூணுல ஒண்ணுன்னா அஞ்சணா நாலு தம்பிடி. ரெண்டையும் சேத்தாப் பதிமூணணா நாலு தம்பிடி. ரூவாயை ஆறு பங்கு போட்டா ஒரு பங்கு ரெண்டணா எட்டுத் தம்பிடி, அதுல அஞ்சு பங்கு எடுத்துப் பாரு, சரியா அதே பதிமூணணா நாலு தம்பிடி. ஆறுல அஞ்சு! ரூவாய்க்கு 192 தம்பிடிங்கறதுதான் அந்தப் பொதுப் பகுதி. சில்லறை மாத்தறதுதான் மீ.சி.ம. இதை விட அழகா எவன் சொல்லுவான்னு மீசையைத் தடவிக்கிட்டேன்.

புள்ளைங்க என்னைய மியூசியத்துல பாத்த மாதிரி பாத்துச்சுங்க. அணாவையே பாக்காத சனம், தம்பிடிக்கு எங்க போகும்? நோட்டுல எழுதிக்கிச்சுங்க, அவ்வளவுதான். ஒருத்தன் மட்டும் ‘தாத்தா, ஜிபேயில தம்பிடி அனுப்ப முடியுமா?’ன்னான். அவனும் அந்தத் தண்ணித் தொட்டிக்காரன்தான்.

சரி, இப்ப உன்ற வேலைக்கு வா. இந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போடுன்னு சொல்ல மாட்டேன். மார்க்கு வேணும், வேலை வேணும், கல்யாணத்துக்கு முன்னால டெட் பரீட்சை வேற எழுதோணும். முன்பக்கம் டிக்கு இருக்கட்டும். பின்பக்கம் வெள்ளையா இருக்குதல்ல, அங்க எழுது. எந்தப் புள்ளை எந்தக் கணக்கை எப்படிப் போட்டுச்சு, கேட்டா என்ன சொல்லுச்சு. அந்தப் பந்துக்காரன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலயே எழுது, நம்ம வார்த்தையில மாத்திராத. டீச்சர்கிட்டயும் போய்ச் சொல்லு, ஆனா அப்புச்சி சொன்னாருன்னு சொல்லாத, நீயே கண்டுபுடிச்ச மாதிரி சொல்லு. உங்க ரெண்டு பேருக்கும் மருவாதி. அடுத்த வாரம் நீ பாடம் நடத்தறப்போ அவங்க பின்னால உக்காரட்டும், நானும் வர்றேன். புளியங்கொட்டை தீந்து போகல.

என்ன, நீயும் சிரிக்கறே? நோட்டுப் பின்னால என்ன அது, கோடு கோடா? குடு இக்கட்ட. ஒண்ணு, ரெண்டு... பதினொண்ணு. எதுக்கு எண்ணினே? நான் எத்தனை தடவை கேட்டேன்னா? நானா? ‘புரிஞ்சுதா’ன்னா? அடப் போ அம்மிணி, நான் எங்க... அணாவைச் சொல்றப்போ ஒருக்காக் கேட்டிருப்பேன். தம்பிடிக்கு ஒருக்கா. சரி, 192க்கு ரெண்டு தடவை. பதினொண்ணா? அதுவும் பதினஞ்சு நிமிசத்துலயா?

டீச்சர் நாப்பது நிமிசத்துக்கு 23, நான் பதினஞ்சு நிமிசத்துக்கு 11. வகுத்துப் பாத்தா நான்தான் மேல. போயி அந்த வெங்காயத்தை எடுத்துட்டு வா, உரிக்கலாம்.